வீட்டுக்குள் நீர் விடும் நாயும் பட்டியில் மாளும் ஆடும்

நெல், பருத்தி, கரும்பு, எருக்குழி முதலியவற்றைப் பற்றி இப்பத்திரிகையில் படித்துப் பழகிய விவசாய நண்பர்களுக்கு, நாயின் மூத்திரத்தைப் பற்றி ஒரு வியாசம் காண்பது வியப்பாகவும், சிலருக்கு அருவருப்பாகவும் தோன்றக்கூடும். ஆயினும் சென்ற சில வருஷங்களாக நான் பீளமேடு, காளப்பட்டி, நீலாம்பூர், சூலூர்ப் பக்கங்களில் மண் பரிசோதனைக்கும் விதை விநியோகத்திற்கும் செல்லுமிடங்களில், பயிரைப் பற்றிய பேச்சு முடிந்ததும் வீட்டுக்காரர் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி பல சமயங்களில் இதுவாகவே இருக்கிறது: "ஏனுங்க, இந்த நாய் ஊட்டுக்குள்ளயே காலைத் தூக்குதே, இதுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்." இக்கேள்விக்குச் சரியான விடை கிடையாத வீடுகளில் நாய் என்ன ஆகிறது என்பதையும் பார்த்து வருகிறேன். அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

முற்காலத்தில் கொங்கு நாட்டுக் குடியானவருக்கு இத்தொல்லை இருந்ததில்லை. தோட்டத்துச் சாளையில் நாய்க்குரிய இடம் வாசலும் கட்டுத்தரையும் களத்து மேடுமே. திண்ணையைத் தாண்டி ஆசாரத்துக்குள் அது கால் வைப்பதில்லை. வைத்தால் வீட்டுப் பெரியம்மாள் விளக்குமாற்றை எடுப்பாள். அது வேலிக்கல்லின் மேலும், வண்டிச் சக்கரத்தின் மேலும், வேப்ப மரத்தடியிலும் காலைத் தூக்கியதை எவரும் ஒரு குற்றமாக எண்ணியதில்லை. இன்றோ நிலைமை வேறு. பூளைச்செடி மண்டிக் கிடந்த மேடாகையால் பூளைமேடு என வழங்கி, பின் பீளமேடு எனத் திரிந்ததாகச் சொல்லப்படும் அவ்வூரில், பருத்தி விளைந்த கரிசல் நிலத்தில் முதலில் ஆலைகளும், பின் கல்லூரிகளும் ஆஸ்பத்திரிகளும், அவற்றைச் சூழ அடுக்கு வீடுகளும் எழும்பிவிட்டன. அவினாசி ரோட்டின் தலைமேல் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலமும் 2025-ம் வருஷத்தில் திறக்கப்பட்டுவிட்டது. நிலத்தை மனையாக்கி விற்றவர் அதே ஊரில் சிமெண்டு வீடு கட்டிக்கொண்டு வாழ்கிறார். வாசல் போயிற்று, கட்டுத்தரை போயிற்று, ஆனால் நாய் மாத்திரம் கூடவே வந்துவிட்டது. இன்னும் பண்ணையம் நடத்துகிற அன்னூர், கோவில்பாளையம் பக்கத்து வீடுகளிலும், பிள்ளைகள் விலை கொடுத்து வாங்கி வரும் சீமை ஜாதி நாய்கள் மெத்தை நாற்காலியருகே படுக்கின்றன. ஆகவே வேலிக்கல்லுக்கு உரியது இப்போது கதவு நிலைக்கும், நெல் மூட்டைக்கும், புண்ணாக்குச் சாக்குக்கும் கிடைக்கிறது.

இதில் முதலில் அறிய வேண்டியது, நாய் அவ்விதம் செய்வது சிறுநீர் கழிப்பதற்காக அன்று என்பதாகும். மூத்திரப் பை நிரம்பிக் கழிக்கும் நாய் ஓரிடத்தில் நின்று முழுவதையும் தரையில் விடும். அடையாளமிடும் நாயோ, சுவர், தூண், மூட்டை போன்ற நிமிர்ந்த பொருள்களாகப் பார்த்து, மோந்து, காலைத் தூக்கிச் சில துளிகளை மட்டும் தெளித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். அத்துளிகளில் உள்ள வாசனை அந்நாய் ஆணா, பெண்ணா, எப்போது அவ்வழி வந்தது என்ற செய்திகளை மற்ற நாய்களுக்குத் தெரிவிக்கிறது. நம் மூக்கினும் எத்தனையோ மடங்கு கூர்மையான மூக்கைப் பெற்ற பிராணிக்கு அது ஒரு கடிதம் எழுதுவது போன்றதே. சந்தையிலிருந்து வந்த புது மூட்டையில் அயல் நாயின் மணம் இருந்தாலும், விருந்தாளியின் பை வந்தாலும், தெருவில் ஒரு பெட்டை நாய் பருவத்துக்கு வந்தாலும், வீட்டில் இரண்டாவது நாய் சேர்ந்தாலும், பதில் எழுதாமல் அதனால் இருக்க முடிவதில்லை. வயதுக்கு வந்த, காயடிக்கப்படாத ஆண் நாய்களிடமே இது மிகுதி. பெட்டைகளிலும் சில இவ்வாறு செய்வதுண்டு.

வீட்டுக்குள் ஈரம் கண்டவுடனே இதுதான் காரணமென்று முடிவு கட்டிவிடலாகாது. அடிக்கடி முக்கிச் சிறிது சிறிதாகக் கழித்தாலும், நீரில் இரத்தங் கலந்திருந்தாலும், தண்ணீர் மிகுதியாகக் குடித்தாலும் அது கல்லடைப்போ வேறு வியாதியோவாக இருக்கக்கூடும். கால்நடை டாக்டரிடம் காட்டுவதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. ஆண் நாய்க்கு நீர் முற்றிலும் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதட்டியவுடன் வாலை ஒடுக்கிப் படுத்து நீர் விடும் குட்டி, பயத்தினால் விடுகிறதே அன்றி அடையாளமிடவில்லை. வயதான பெட்டை உறக்கத்தில் நனைத்துக்கொள்வதும் வேறு விஷயம்.

இனி நம்மவர் கையாளும் வைத்தியங்களைப் பார்ப்போம். அடிப்பது முதலாவது. நாய் நனைத்துச் சென்று அரை மணி கழித்து வீட்டுக்காரர் அதைக் காண்கிறார். கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து மூக்கை அதிலேயே தேய்த்து நாலு அடி போடுகிறார். அரை மணிக்கு முன் செய்த காரியத்துக்கும் இப்போது விழும் அடிக்கும் உள்ள சம்பந்தத்தை நாய் அறியாது. எஜமான் அருகில் இருக்கும்போது நீர் விடுவது ஆபத்து என்பதை மட்டும் அது நன்றாகக் கற்றுக்கொள்கிறது. ஆகவே அடுத்த தடவை கட்டிலுக்கு அடியிலும் குதிருக்குப் பின்னாலும் போய் மறைவாகச் செய்கிறது. பயத்தினால் அடையாளமிடும் வழக்கம் சில நாய்களில் அதிகரிப்பதும் உண்டு. இரண்டாவது, பாட்டிலில் நீல வர்ண ஜலம் நிரப்பி வாசலில் தொங்கவிடுவது. கோயமுத்தூரில் இவ்வழக்கம் இல்லாத தெருவே இல்லை எனலாம். அந்தப் பாட்டிலின் மேலேயே ஒரு நாய் காலைத் தூக்குவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டுவதில்லை. மூன்றாவது, மிளகாய்த்தூள் தூவுவது. அது நாயின் கண்ணையும் மூக்கையும் புண்ணாக்குவதோடு, தவழும் குழந்தையின் கையிலும் ஒட்டும்.

நான்காவது வைத்தியமே மிகக் கொடியது. ஒரு நாள் விடியற்காலையில் நாயைக் காரிலோ, மினி லாரியிலோ ஏற்றிக்கொண்டு இருபது முப்பது மைல் தள்ளிப் போய், ஒரு குளத்தங்கரையிலோ கொரங்காட்டு ஓரத்திலோ இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவது. "கசாப்புக்கா கொடுத்தோம்? எங்காவது பிழைத்துப் போகட்டும் என்றுதானே விட்டோம்" என்பார்கள். அது எவ்விதம் பிழைக்கிறது என்பதைக் காங்கயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகளிடம் கேட்டால் சொல்வார்கள். அப்பகுதியின் கொரங்காடு என்பது கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் உள்ள மேய்ச்சல் நிலம். செம்மறிகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் ஆள் காவல் வேண்டாம் என்பதே தலைமுறை தலைமுறையாக வந்த ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நாய்க் கூட்டங்கள் குலைத்துவிட்டன. இரவில் வேலி நுழைந்து ஒரே பட்டியில் பல ஆடுகளைக் கடித்துப் போட்டுப் போகின்றன. தின்பதற்காகக் கொல்வது சிறிது, ஓட ஓடக் கடித்துக் கொல்வதே பெரிது. 2025-ம் வருஷத் தொடக்கத்தில் அங்குள்ளோர் செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்திப் போராடியதும், நஷ்ட ஈடு கேட்டதும் பத்திரிகை படிப்போர் அறிந்ததே. அந்த ஆடுகளைக் கொன்ற நாய்கள் யாவும் வீட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் தெருவில் பிறந்து தெருவில் வளர்ந்தவையாகவே இருக்கலாம். ஆனால் காயடிக்கப்படாத ஒரு வளர்ப்பு நாயை அக்கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அக்கூட்டத்துக்குப் பலத்தையும் சந்ததியையும் சேர்க்கிறார் என்பதில் சந்தேகமில்லை. அது வருஷந்தோறும் போட்டுவந்த வெறிநாய்த் தடுப்பூசியும் அன்றோடு நிற்கிறது. அன்றியும், பட்டினி தாகத்தினால் துன்புறும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இத்தனைக்கும் உரிய பரிகாரம் நம்முடைய கட்டுத்தரையிலேயே இருக்கிறது. காங்கயம் காளைக் கன்றை ஏருக்கும் வண்டிக்கும் பழக்குமுன் காயடிக்க வேண்டுமென்று கொங்கு நாட்டுக் குடியானவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஒன்றிரண்டு பொலி காளைகள் தவிர மற்றவற்றைக் காயடித்தே ஆண்டு வந்திருக்கிறோம். கட்டையால் நசுக்கும் பழைய கொடிய முறை போய், பர்டிசோ இடுக்கி வந்ததும் அதை இலாகாவினரிடம் கேட்டு வாங்கி உபயோகித்தோம். கிடாய்க்கும் அவ்விதமே. அப்படியிருக்க நாய் என்று சொன்னவுடன் மட்டும் கை பின்வாங்குகிறது. சூலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம், "மாட்டுக்குச் செய்யறது வேறுங்க, நம்பி வந்த வாயில்லாச் சீவனுக்குச் செய்யறது வேறுங்க; அது பாவமுங்க" என்றார். எருதும் நம்பி வந்த வாயில்லா ஜீவன்தானே என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதுக்கு ஏர் இழுக்கற வேலை இருக்குதுங்களே" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது: பிரயோஜனத்துக்காக ஒன்றைச் செய்கிறோம், பிரயோஜனம் தெரியாதபோது அதையே பாவம் என்கிறோம். ஆகவே பிரயோஜனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த மிருக வைத்திய நிபுணர்கள் 1976-ம் வருஷத்தில், வளர்ந்த பின் காயடிக்கப்பட்ட ஆண் நாய்களைப் பற்றி விசாரித்து வெளியிட்டதில், ஊர் சுற்றுதல் பத்தில் ஒன்பது நாய்களில் குறைந்தது. வீட்டுக்குள் அடையாளமிடுதல் ஏறக்குறையப் பாதி நாய்களில் குறைந்தது. 1997-ல் அதே சர்வகலாசாலையார் 57 நாய்களைக் கொண்டு மறுபடி ஆராய்ந்தபோது, அடையாளமிடுதல், ஊர் சுற்றுதல், மேலேறுதல் ஆகிய மூன்றும் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டவற்றில் பாதிக்குப் பாதியாவது குறைந்தன. நாயின் வயதோ, அவ்வழக்கம் எத்தனை நாளாக இருந்து வந்தது என்பதோ பலனை மாற்றவில்லை. ஐந்து வயது நாய்க்கு இனி என்ன பயன் என்று கைவிட வேண்டாம். ஆனால் காயடித்தால் எல்லா நாய்களும் நின்றுவிடும் என்று எவரேனும் சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். சிலவற்றில் சிறிதும் மாறுவதில்லை. மாறுபவற்றிலும் ஆபரேஷன் ஆன மறுநாளே பலனை எதிர்பார்க்கலாகாது. சில வாரங்களோ, சில மாதங்களோ பிடிக்கும்.

காவல் குணம் போய்விடும் என்பது மற்றோர் அச்சம். அந்நியரைக் கண்டு குரைப்பதும் தன் இடத்தைக் காப்பதும் இதனால் குறைவதாகத் தெரியவில்லை. பெட்டையைத் தேடி இரவெல்லாம் சுற்றாமல் களத்திலேயே கிடப்பதால் காவலுக்கு அது ஒருவகையில் மேல் என்பது என் அபிப்பிராயம். உடல் பருக்கும் என்பது உண்மையே. சோற்றின் அளவைக் குறைத்து, தோட்டத்தில் ஓடவிட்டால் அது தீரும். பெரிய ஜாதி நாய்களை மிகச் சிறு வயதில் காயடித்தால் மூட்டுக் கோளாறு வருவதாகச் சமீப ஆராய்ச்சிகள் காட்டுவதால், அவற்றை உடல் வளர்ச்சி முடியும்வரை விட்டுவைத்து, டாக்டரின் யோசனைப்படி செய்வது நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாட்டுக்குப் பழகிய கையைக் கொண்டு நாய்க்கும் பர்டிசோ போட்டுவிடலாம் என்று எண்ணும் ஆட்கள் சில ஊர்களில் இருக்கிறார்கள். அது ஒருக்காலும் கூடாது. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, விதைகளை அறுத்தெடுத்துத் தையல் போடும் முறையே ஏற்றது. அதைக் கால்நடை டாக்டரே செய்ய வேண்டும். மயக்கம் கொடுக்குமுன் எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டுமென்று அவரிடம் கேட்டு அப்படியே நடக்க வேண்டும். ஒரு வாய்ச் சோறுதானே என்று கொடுத்துவிட்டால் மயக்கத்தில் வாந்தியெடுத்து மூச்சடைக்கக்கூடும். பிறகு பத்துப் பதினாலு நாள் குளிப்பாட்டாமலும், தையலை நக்கவிடாமலும், சேற்றில் படுக்கவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷன் செய்தும் வீட்டைச் சரியாகக் கழுவாவிட்டால் பாதி வேலை வீணாகும். பழைய மணம் இருக்கும் இடத்தில் நாய் மறுபடி மறுபடி எழுதும். நம் மூக்குக்கு நாற்றம் போய்விட்டது என்பது ஒரு கணக்கே அன்று. பினாயில் ஊற்றுவதனால் மணத்தின் மேல் மணம் ஏறுகிறதேயன்றி அடி மணம் போவதில்லை. நவச்சார நெடியுள்ள திராவகங்களோ மூத்திரத்தின் நெடியையே ஒத்திருப்பதால் நாயை அழைப்பது போலாகும். முதலில் துணியால் ஒற்றியெடுத்து, சோப்பு ஜலத்தால் தேய்த்துக் கழுவி, பின் காடியைச் சமபங்கு நீர் கலந்து துடைத்து உலரவிடலாம். பிராணிகளுக்கான கடைகளில் மூத்திரக் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் விற்கிறார்கள்; சிமெண்டுத் தரையில் ஊறிவிட்ட பழைய கறைக்கு அதுவே சிறந்தது. மண் சுவராயின் ஊறிய மண்ணைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புது மண் பூசிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். மேலாகச் சாணம் மெழுகுவது போதாது. கிருமிக்காகப் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளிப்பவர்கள், மூத்திரம் கழுவப்பட்ட பிறகே தெளிக்க வேண்டும். ஈர மூத்திரத்தின் மேலோ காடியின் மேலோ அதை ஊற்றினால் எழும் வாயு மூச்சுக்குக் கெடுதல்.

கிருமி என்றது வெறும் பேச்சன்று. எலிக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் வியாதியை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமிகள் எலியின் மூத்திரத்தில் மட்டுமின்றி நாயின் மூத்திரத்திலும் வெளிப்படும். வெளிக்குச் சுகமாகத் தோன்றும் நாயும் மாதக்கணக்கில் இதைக் கழித்துக்கொண்டிருக்கலாம். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் பிழைத்திருந்து, காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக மனிதருக்குள் செல்லும். கறவை மாடுகளில் இக்கிருமியின் சில வகைகள் சினை சிதையவும் காரணமாகின்றன. உலர்ந்தால் விரைவில் மாளும் என்பது நமக்கு ஒரு வசதி. ஆகையால் தீவன மூட்டைகளையும் பருத்திக்கொட்டையையும் நாய்க்கு எட்டாத பரணிலோ, தாழிட்ட அறையிலோ வைக்க வேண்டும். நனைந்த தீவனத்தை மாட்டுக்குப் போடலாகாது. வெறிநாய்த் தடுப்பூசி போடும்போதே, எலிக்காய்ச்சலும் அடங்கிய கலப்புத் தடுப்பூசியை நாய்க்கு வருஷந்தோறும் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பழக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கன்றைப் பழக்கியவருக்கு நாயைப் பழக்குவது பெரிதன்று. விடியற்காலையிலும், தீனி தின்ற பிறகும், மாலையிலும், படுக்குமுன்னும் வெளியே கொண்டுபோய், ஒரு வேலிக்கல்லையோ மரத்தடியையோ அதற்கென்று விட்டுவிடுங்கள். அங்கே செய்யும்போது தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் கண்மறைவாகத் திரியவிடாமல், பக்கத்திலேயே கயிற்றில் வைத்திருந்து, காலைத் தூக்கப்போகும் அக்கணத்தில் கையைத் தட்டி அழைத்து வெளியே கொண்டுபோங்கள். வழக்கமாக நனைக்கும் இடத்திலேயே அதன் சோற்றுத் தட்டையோ படுக்கைச் சாக்கையோ வைத்துவிட்டால், தின்னும் இடத்தையும் படுக்குமிடத்தையும் நாய் பொதுவாக அசுத்தம் செய்வதில்லை. கல்யாணம், விருந்து என்று ஆட்கள் வந்து போகும் நாளில் வயிற்றைச் சுற்றித் துணிக் கச்சை கட்டிவைக்கலாம். ஆனால் நனைந்ததும் மாற்றாவிட்டால் புண்ணாகும். அது அன்றைய மானத்தைக் காக்குமே தவிர வழக்கத்தை மாற்றாது.

கிராம அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023-ம் வருஷத்து நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெரு நாய்களைப் பிடித்து ஆபரேஷன் செய்வதும் தடுப்பூசி போடுவதும் உள்ளூர் ஸ்தாபனங்களின் பொறுப்பு. வளர்ப்பு நாய்களுக்கு அவற்றின் சொந்தக்காரரே பொறுப்பாளி. இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்து போவதுதான் இரவில் இறக்கிவிடப்பட்ட நாய். நேற்று வரை ஒருவருடையதாக இருந்தது இன்று எவருடையதுமன்று. ஆபரேஷன் செய்த தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே திருப்பி விட வேண்டுமென்பது விதி; ஆனால் ஊருக்குப் புதிதாக வந்து இறங்கும் நாய்க்கு எவரும் கணக்கு வைப்பதில்லை. கால்நடை இலாகாவின் தடுப்பூசி முகாம் உங்கள் ஊருக்கு வரும்போது, மாடு ஆடுகளோடு வளர்ப்பு நாய்களையும் கொண்டுவரும்படி முன்னாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுங்கள். அன்றே எந்தெந்த வீட்டில் காயடிக்கப்படாத ஆண் நாய் இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, டாக்டரிடம் கொடுத்து, பத்துப் பன்னிரண்டு நாய்கள் சேர்ந்ததும் ஆபரேஷனுக்கு நாள் கேளுங்கள். தனித்தனியாக ஆஸ்பத்திரிக்கு நாயைக் கொண்டுபோக வண்டி இல்லாமலேயே பல குடியானவர்கள் நின்றுவிடுகிறார்கள்; ஊராட்சி ஒரு வண்டி ஏற்பாடு செய்தால் அத்தடை நீங்கும். கொரங்காடு உள்ள ஊர்களில் இதை ஆடி மழைக்கு முன் முடித்துக்கொள்வது நலம். மழை பெய்து புல் தழைத்தபின் ஆடுகள் இரவும் பகலும் வேலிக்குள்ளேயே கிடக்கும்.